மலிவான துப்பாக்கியும் ஒரு கிலோ விலங்கும்

என் அண்ணன் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். கைப்பேசியில் அவன் விளையாடும் போர் விளையாட்டில் 'கார்98கே' என்ற துப்பாக்கி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைவீரர்கள் தூக்கிச் சென்றது. போன வாரம் அவன் என்னிடம் கேட்டான்: "சித்தப்பா, இந்தத் துப்பாக்கியெல்லாம் இப்ப எங்க இருக்கு? அருங்காட்சியகத்திலயா?"

கொஞ்சம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; நிறைய அமெரிக்காவில், சாதாரண மனிதர்களின் அலமாரிகளில் இருக்கிறது என்றேன். அவன் கண்கள் விரிந்தன. "அதை வெச்சு என்ன செய்றாங்க?" மான் சுடுகிறார்கள், அட்டையில் குறிபார்த்துப் பழகுகிறார்கள், சிலர் வயலைக் கெடுக்கும் சிறு விலங்குகளையும் சுடுகிறார்கள் என்றேன். "மனுஷனையே சாய்ச்ச துப்பாக்கி. எலி, முயலுக்கு இன்னும் நல்லாத்தானே வேலை செய்யும்?" என்றான்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. அவன் சொன்ன பதில்தான் தவறு. அது ஏன் தவறு என்று பார்த்தால், நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது எவ்வளவு கடுமையான குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இது கடைக்குப் போகிறவர்களுக்கான வழிகாட்டி அல்ல. அமெரிக்காவில் வழக்கமாக நடக்கும் ஒரு தேர்வு அறிவியலின்படி சரியா, தவறா என்பதைப் பற்றிய என் கருத்து மட்டுமே.

முதலில் அந்த விலங்குகளைப் பற்றி. அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள புல்வெளிகளில் 'பிரெய்ரி நாய்' என்ற விலங்கு வாழ்கிறது. பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. எடை ஏறக்குறைய ஒரு கிலோ. தரைக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். மாட்டுப்பண்ணைக்காரர்களுக்கு இதைக் கண்டால் ஆகாது. புல்லைத் தின்கிறது, வளைகளில் குதிரையின் கால் சிக்கிக்கொள்கிறது என்பார்கள். நம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு என்ன பெயரோ, அங்கே இதற்கும் அதே பெயர்தான்: தொல்லை.

அடுத்து துப்பாக்கிகள். ஒரு போர் முடிந்ததும் அரசுகளிடம் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் மிஞ்சிவிடுகின்றன. புதிய வகை வந்ததும் பழையவை உபரி ஆகின்றன. ரஷ்யாவின் மோசின்-நகாந்த், பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, சுவீடனின் மவுசர் என்று கப்பல் கப்பலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 2010ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மோசின்-நகாந்த் 100 அமெரிக்க டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி இத்தாலிய இராணுவ உபரி; தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்கு அஞ்சலில் வாங்கப்பட்டது. 1968இல் சட்டம் வந்த பிறகுதான் அப்படி அஞ்சலில் வாங்கும் வழி அடைபட்டது.

விலை குறைவு, உறுதியான கட்டமைப்பு, கூடவே ஒரு வரலாற்றுக் கவர்ச்சி. வாங்குகிறவரின் மனம் எங்கே மயங்குகிறது என்பது புரிகிறது. ஆனால் விலைச்சீட்டிலிருந்து தொடங்குகிறவர் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார் என்பேன். தொடங்க வேண்டியது மறுமுனையில். குண்டு கடைசியில் எங்கே போய் நிற்கிறது, அது சுமந்து சென்ற ஆற்றல் என்ன ஆகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்98கே துப்பாக்கியின் போர்க்காலக் குண்டு 12.8 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 760 மீட்டர். இயக்க ஆற்றல் என்பது பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறக்காதீர்கள். விடை ஏறக்குறைய 3,700 ஜூல். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும்போது இருக்கும் ஆற்றலும் இதே அளவுதான்.

இந்த ஆற்றலில் ஒரு கிலோ விலங்கின் உடல் எவ்வளவை உள்வாங்கும்? மிகச் சிறிய பங்கைத்தான். ஏனென்றால் இராணுவக் குண்டு வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. அதன் ஈய உடலை முனை வரைக்கும் கெட்டியான உலோக உறை மூடியிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்திலிருந்த ஆயுதச் சாலையில், முனையில் உறை இல்லாத குண்டுகளைச் செய்தார்கள். உடலில் பட்டதும் முனை பூப்போல விரிந்து கோரமான காயத்தை உண்டாக்கும். 'டம்டம் குண்டு' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில், போரில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகள் உறுதிமொழி எடுத்தன. அதனால் இராணுவத் தோட்டா என்றால் விரியாத குண்டுதான்.

வேட்டையில் நியாயம் தலைகீழாகிறது. விலங்கு வலியில் ஓடி ஒளியாமல் உடனே சாக வேண்டும் என்பதுதான் வேட்டையின் அறம். ஆகவே அங்கே விரியும் குண்டுதான் வழக்கம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் போன்ற பெரிய விலங்குகளை முழு உறையிட்ட குண்டால் சுடுவதற்குத் தடையே உண்டு. போருக்கு மனிதநேயம் என்று சொன்னது வேட்டைக்குக் கொடுமையாகிவிடுகிறது. பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைக்கும் பழைய இராணுவத் தோட்டாவில் இருப்பதோ, அந்த விரியாத குண்டு.

விலங்கின் உடலில் தங்காத ஆற்றல் எங்கே போகும்? குண்டோடு தொடர்ந்து பயணம் செய்யும். பிரெய்ரி என்பது மேசைபோல் தட்டையான நிலம். தாழ்வான கோணத்தில் தரையில் படும் கெட்டியான, கனமான குண்டு, குளத்தில் தட்டைக்கல்லை விசிறினால் தத்திச் செல்வதுபோல் எழும்பிப் பறக்கலாம். இந்த வகைக் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. அங்கே ஒரு பண்ணை வீடு இருக்கலாம், ஒரு சாலை இருக்கலாம். சுட்டவருக்கு அது தெரியப்போவதே இல்லை.

சிறு விலங்குகளுக்கென்றே உருவான தோட்டாக்கள் வேறு. 1950இல் ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்ட .222 ரெமிங்டன் இவற்றில் புகழ்பெற்றது. குண்டின் எடை ஏறக்குறைய 3.2 கிராம்தான். வேகமோ நொடிக்கு 950 மீட்டருக்கு மேல். ஆற்றல் ஏறக்குறைய 1,480 ஜூல். அதாவது கார்98கேயில் பாதிகூட இல்லை. ஒரு கிலோ விலங்குக்கு இதுவும் தேவைக்கு மேலேதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குண்டின் உறை மெல்லியது. குழலுக்குள் உள்ள சுருள் வரிகளால், 35.6 செண்டிமீட்டர் முன்னே போவதற்குள் குண்டு ஒரு முறை சுழல்கிறது. வேகத்தை இந்த நீளத்தால் வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 2,700 சுற்று! இத்தனை வேகமாகச் சுழலும் மெல்லிய உறை எதன்மேல் பட்டாலும் சிதறிவிடுகிறது. மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் அங்கேயே தூளாகிறது. எழும்பிப் பறக்க முழுக்குண்டு மிஞ்சினால்தானே!

குறி வைப்பதிலும் இதே பொருத்தமின்மைதான். சுவீடனின் 1896ஆம் ஆண்டு மவுசர் மிக நேர்த்தியான துப்பாக்கி. நான் பார்த்த பழைய துப்பாக்கிகளில் வேலைப்பாட்டில் அதை மிஞ்சியது இல்லை. ஆனால் அதன் பின்பக்கக் குறிகாட்டியில் உள்ள அளவு 300 மீட்டரில்தான் தொடங்குகிறது. 300 மீட்டரில் சரியாகப் பட வேண்டும் என்றால் குண்டு முதலில் மேலே ஏறி, பிறகு இறங்க வேண்டும். பந்தை எறிந்தால் வளைந்து போவதைப் போலத்தான். நடுவழியில், 100 மீட்டரில், அந்தக் குண்டு பார்வைக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே பறந்துகொண்டிருக்கும். எதிரியின் இடுப்பைக் குறிவைத்த வீரனுக்கு இதனால் நட்டமில்லை, மார்பில் படும். வளை வாயிலில் எட்டிப் பார்க்கும் பிரெய்ரி நாய்க்கோ தலைக்கு மேலே காற்று வீசும், அவ்வளவுதான். அல்லது அரைகுறையாகப் பட்டு, காயத்தோடு வளைக்குள் போய்ச் சாகும். இதில் இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்காதது.

உதைப்பையும் பாருங்கள். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே தோளில் வந்து இறங்குகிறது. கார்98கே குண்டின் உந்தம், 0.0128 கிலோவை 760ஆல் பெருக்கினால், 9.7. துப்பாக்கி 4 கிலோ என்றால் அது நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். .222 குண்டின் உந்தம் 3.1 மட்டுமே. இரும்புத் தகடு அடித்த மரக்கட்டை பத்து முறை தோளில் இடித்த பிறகு, பதினோராவது முறை உடல் முன்கூட்டியே பதறும். விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கண் மூடும், குழல் நகரும். மன உறுதி இல்லாததால் வருவதல்ல இது. நரம்புகள் பழகிக்கொண்ட பாடம்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி. உபரி என்றால் பழையது என்று பொருள். பழையதில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒளிந்திருக்கலாம். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு.

1917இல் இந்தத் துப்பாக்கிகளில் சில, சுடும்போதே வெடித்துச் சிதறின. ஏன் என்று தேடிப்போனார்கள். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் மையப் பகுதியை எஃகில் அடித்துச் செய்வார்கள். அதற்கு எஃகைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். எவ்வளவு சூடு போதும் என்பதை அனுபவமுள்ள தொழிலாளர்கள் அதன் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். பல ஆண்டுப் பழக்கம். அவர்கள் கண்ணை எல்லாரும் நம்பினார்கள். பிறகு வெப்பமானியை வைத்து அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில், பட்டறைக்குள் வெளிச்சம் அதிகம். அதனால் பழுத்த எஃகு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகக் காய்ச்சிவிடுவார்கள். மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையே 165 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு இருந்ததாம்! அளவு மீறிச் சூடேறிய எஃகு கருகிவிட்டது; வெளியே பார்க்க எந்த வேறுபாடும் இல்லை, ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை அதற்குள் வந்துவிட்டது.

1918இல் வெப்பமானியும் புதிய பதப்படுத்தும் முறையும் வந்தன. அதற்கு முன் செய்யப்பட்டவை, அதாவது ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் வரிசை எண் 800,000க்கும் ராக் ஐலண்டு ஆயுதச் சாலையில் 285,507க்கும் கீழே உள்ளவை, இன்றும் ஐயத்துக்கு உரியவை. இவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். எது நல்லது, எது கருகியது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதுதான் சிக்கல். நூறு ஆண்டுக்கு முன் ஒரு நாள் வெயில் அடித்ததா, மேகமா என்பதை நம்பி முகத்தருகே வைத்துச் சுட வேண்டும். நான் மாட்டேன்.

வேதியியலுக்கும் இங்கே இடம் இருக்கிறது. பழைய சோவியத் தோட்டாக்களின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்திருப்பார்கள். அது வெடிக்கும்போது ஆக்சிஜனை வெளியிட்டுவிட்டு, பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படிகிறது. அதாவது ஒருவகை உப்பு, நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும் என்பதை நம் ஊர் வேலிக்கம்பியைப் பார்த்தாலே தெரியும். துப்பாக்கிக்கு எண்ணெய் பூசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவச் சொன்னால் நம்ப மறுக்கிறவர்கள் உண்டு. கரைதிறன் பாடத்தைக் கவனித்திருந்தால் மறுத்திருக்க மாட்டார்கள்.

என் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜெர்மன் மவுசரின் பூட்டு மிக வலிமையானது. அமெரிக்காவில் அந்தப் பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, குழலைக் கழற்றி எறிந்து, .22-250 போன்ற சிறு குண்டுக்கான புதிய குழலைப் பொருத்தி, தொலைநோக்கி மாட்டி, அருமையான தொல்லை விலங்கு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அப்படி மாற்றி முடித்ததும் அதில் மிஞ்சும் இராணுவம் எவ்வளவு? மலிவு விலையும் போய்விட்டது, வரலாறும் போய்விட்டது. இது என் வாதத்துக்கு எதிரான சான்றா, ஆதரவான சான்றா என்று நீங்களே பாருங்கள்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. இராணுவத் துப்பாக்கி வேட்டைக்காரரிடம் போன கதைதான் இதுவரை. எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. முன்பு சொன்ன .222 ரெமிங்டன், தொல்லை விலங்குகளுக்காகவும் குறிபார்க்கும் போட்டிகளுக்காகவும் பிறந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்க இராணுவம் எடை குறைந்த தோட்டா தேடியபோது, அதன் கூட்டைக் கொஞ்சம் நீட்டினார்கள். அதுவே 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஆனது. எம்16 துப்பாக்கியின் தோட்டா அதுதான். மலேசிய இராணுவத்தின் எம்4, சிங்கப்பூர் இளைஞர்கள் தேசிய சேவையில் ஏந்தும் எஸ்ஏஆர் 21 ஆகியவற்றின் தோட்டாவும் அதே 5.56தான். கொறிவிலங்குக்காக உருவான தோட்டாவின் வாரிசைத்தான் இன்று படைவீரர்கள் இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டு என் அண்ணன் மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பெரிய குண்டு என்றால் இராணுவம், சிறிய குண்டு என்றால் விளையாட்டு என்று அவன் போட்டு வைத்திருந்த கோடு அழிந்துவிட்டது.

அப்படியானால் சிதறும் சிறு குண்டே எல்லாவற்றுக்கும் விடையா? அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. சுடப்பட்ட பிரெய்ரி நாய்களைப் பலர் எடுத்துச் செல்வதில்லை, அப்படியே விட்டுவிடுகிறார்கள். கழுகும் பருந்தும் வந்து தின்கின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், விரியும் குண்டால் சுடப்பட்ட பிரெய்ரி நாய்களில் 87 விழுக்காட்டின் உடலில் ஈயத் துணுக்குகள் இருந்தன. விரியாத குண்டால் சுடப்பட்டவற்றில் 7 விழுக்காடு மட்டுமே. ஆக, நான் இவ்வளவு நேரம் குறை சொன்ன இராணுவக் குண்டு இந்த ஒரு விஷயத்தில் வென்றுவிடுகிறது. ஈயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. பறவைகளைச் சிறிது சிறிதாகக் கொல்லும்.

பிரெய்ரி நாயை நம்பி வாழும் உயிர்கள் கழுகு மட்டும் அல்ல. கறுப்புக்கால் ஃபெரெட் என்ற, கீரியைப் போன்ற நீள உடல் கொண்ட ஒரு விலங்கின் உணவில் பத்தில் ஒன்பது பங்கு பிரெய்ரி நாய்தான். விஷம் வைத்தும் நோய் பரவியும் பிரெய்ரி நாய்கள் குறைந்தபோது இதுவும் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1981இல் வயோமிங் மாநிலத்தின் மிட்டீட்சி என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை நாய், செத்த ஃபெரெட் ஒன்றை வாயில் கவ்வி வீட்டுக்குக் கொண்டுவந்தது. அப்படித்தான் மிச்சக் கூட்டம் இருப்பது தெரிந்தது. 1987இல் மீதமிருந்தவை 18 மட்டுமே. அவற்றைப் பிடித்து வளர்த்துத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். பண்ணைக்காரருக்குத் தொல்லை என்பது வேறொரு உயிருக்குச் சோறு.

எனவே என் அண்ணன் மகன் "சரி சித்தப்பா, சுட்டே ஆகணும்னா?" என்று கேட்டபோது சொன்னது இதுதான்: சிறு குண்டு, பின்னால் மண்மேடு உள்ள இடம், ஈயத்துக்குப் பதிலாகச் செம்புக் குண்டு. செம்பிலும் விரியும் குண்டுகள் வந்துவிட்டன, விலைதான் கூடுதல். கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு விலங்கைத் துப்பாக்கியால் சுடுவதற்கும் ஈயமில்லாத குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பழைய இராணுவத் தோட்டா பெட்டியிலுள்ள குண்டுகளில் ஈயம் இருக்கிறது. அந்த மாநிலத்தில் அவற்றைக் கொண்டு ஒரு முயலைக்கூடச் சுட முடியாது.